ஏளனம் இல்லாமல் சோதிக்க முடியுமா? – ஆசிரியர் பதில்கள்

சென்ற இதழின் தலையங்கம் மூன்று உறுதிமொழிகளைத் தந்திருந்தது. ஏமாற்று வேலை நிரூபிக்கப்படாத வரை எவரையும் ஏமாற்றுக்காரர் என்று இந்த இதழ் எழுதாது. இயல்புக்கு மீறிய ஓர் ஆற்றல் தமக்கு இருப்பதாகச் சொல்பவரைச் சோதிக்கும்போது, எது வெற்றி, எது தோல்வி என்பதை அவரும் நாங்களும் சேர்ந்து முன்கூட்டியே எழுதிக் கையெழுத்திடுவோம். முடிவு எங்கள் கருத்துக்கு எதிராக வந்தாலும் அப்படியே வெளியிடுவோம். இவற்றுக்கு வந்த கடிதங்களில் கோபமும் இருந்தது, வரவேற்பும் இருந்தது, நாங்கள் எதிர்பார்க்காத கேள்விகளும் இருந்தன. இடம் கருதிச் சில கடிதங்களைச் சுருக்கியிருக்கிறோம். எழுதியவர்களின் பெயர்களை வெளியிடவில்லை.

பகுத்தறிவு இயக்கத்தில் நெடுங்காலம் பணியாற்றிய ஒரு வாசகர்: ஏமாற்றுக்காரரை ஏமாற்றுக்காரர் என்று சொல்லத் தயங்கும் இதழ் எதற்கு? உங்கள் தலையங்கம், மக்களைச் சுரண்டுபவர்களுக்குக் கொடுத்த நற்சான்றிதழ்.

ஆதாரம் கையில் இருக்கும்போது எங்களுக்குத் தயக்கமே இல்லை. அமெரிக்க மதபோதகர் பீட்டர் பாப்பாஃப், தம் கூட்டங்களுக்கு வருபவர்களின் பெயரையும் நோயையும் கடவுள் தமக்கு அறிவிப்பதாகச் சொல்லிவந்தார். 1986-இல், இத்தகைய கூற்றுகளைச் சோதித்துவந்த மாயவித்தைக்காரர் ஜேம்ஸ் ராண்டியின் குழுவினர் வானொலி அலைகளைப் பிடிக்கும் கருவியுடன் அந்தக் கூட்டத்துக்குள் போனபோது, போதகரின் மனைவி 39.17 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் அந்த விவரங்களைச் சொல்வதும், போதகர் காதுக்குள் பொருத்தியிருந்த சிறு கருவியில் அதைக் கேட்பதும் பதிவாயின. அத்தகைய பதிவு இருந்தால் நாங்களும் பெயரைச் சொல்லி எழுதுவோம்.

ஆனால் ஏமாற்று வேலையை மட்டுமே தேடிப் போகிறவர், அது இல்லாத இடத்தில் வெறுங்கையோடு திரும்ப நேரும். 1904-இல் பெர்லினில் வில்ஹெல்ம் ஃபான் ஓஸ்டன் என்ற ஓய்வுபெற்ற ஆசிரியரின் ஹான்ஸ் என்ற குதிரை, கணக்குகளுக்குக் குளம்பைத் தட்டி விடை சொன்னது. பார்க்க வந்தவர்களிடம் அவர் காசு வாங்கவில்லை. அறிஞர்களும் விலங்குகளைப் பழக்குபவர்களும் அடங்கிய குழு ஒன்று ஆராய்ந்து, இதில் தந்திரம் எதுவும் இல்லை என்று அறிவித்தது. தந்திரம் உண்மையிலேயே இல்லை. பிறகு ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் என்ற இளம் ஆய்வாளர் வேறு விதமாகக் கேட்டார். கேள்வி கேட்பவருக்கே விடை தெரியாதபோது குதிரை தவறியது. கேட்பவரைக் குதிரையால் பார்க்க முடியாதபோதும் தவறியது. சரியான எண் வரும் கணத்தில் கேட்பவரின் தலையில் அவர் அறியாமலே ஏற்படும் மிகச் சிறிய அசைவைக் கண்டு ஹான்ஸ் தட்டுவதை நிறுத்தியது என்பதை 1907-இல் அவர் எழுதினார். ஃபான் ஓஸ்டனை ஏமாற்றுக்காரர் என்று அழைத்திருந்தால் ஒரு நேர்மையான மனிதரைப் புண்படுத்தியிருப்போம், குதிரையைப் பற்றியும் எதுவும் தெரிந்துகொண்டிருக்கமாட்டோம். எங்களுக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலானவற்றை எழுதுபவர்கள் பாப்பாஃபைப் போன்றவர்கள் அல்லர், ஃபான் ஓஸ்டனைப் போன்றவர்கள். தலையங்கத்தை எழுதும்போது அவர்களையே மனத்தில் வைத்திருந்தோம்.

கல்லூரி மாணவி: ஜோதிடர் ஒருவர் என்னை முன்பின் பார்த்ததில்லை, ஆனால் என் குணத்தைச் சொல்லுக்குச் சொல் சரியாகச் சொன்னார். அனுபவத்தில் கண்டதை எந்தச் சோதனை பொய்யாக்கும்?

உங்கள் அனுபவத்தைச் சோதனை பொய்யாக்காது. அவர் சொன்னது உங்களுக்குப் பொருந்தியது என்பதை முழுமையாக ஏற்கிறோம். அதே சொற்கள் உங்கள் தோழிக்கும் பொருந்தியிருக்குமா என்பதுதான் எங்கள் கேள்வி. 1948-இல் உளவியலாளர் பெர்ட்ரம் ஃபோரர் தம் மாணவர்கள் 39 பேரிடம் ஓர் ஆளுமைத் தேர்வை நடத்தி, சில நாள் கழித்து ஒவ்வொருவருக்கும் தனித்தனியே ஒரு மதிப்பீட்டைக் கொடுத்தார். அது எவ்வளவு பொருத்தம் என்று ஐந்துக்கு மதிப்பெண் இடச் சொன்னார். சராசரி நான்கைத் தாண்டியது. அனைவருக்கும் கொடுக்கப்பட்டது ஒரே தாள் என்று பிறகு தெரிந்தது. ‘மற்றவர்கள் உங்களை விரும்ப வேண்டும் என்ற ஏக்கம் உங்களுக்கு உண்டு’ என்பது போன்ற வரிகளை மறுக்கக்கூடியவர் எவர்?

இதனால் ஜோதிடம் தவறு என்று ஆகிவிடாது. மனநிறைவை மட்டும் வைத்து அதை அளக்க முடியாது என்பதே இதிலிருந்து கிடைக்கும் முடிவு. வேறு அளவுகோல் உண்டா என்றால் உண்டு. ஷான் கார்ல்சன் 1985-இல் நேச்சர் ஆய்விதழில் வெளியிட்ட சோதனையில், ஜோதிடர் சங்கம் ஒன்று பரிந்துரைத்த ஜோதிடர்களிடம் ஒருவரின் ஜாதகமும் மூன்று ஆளுமை விவரக் குறிப்புகளும் தரப்பட்டன. மூன்றில் ஒன்று மட்டுமே ஜாதகருக்கு உரியது. பாதிக்கு மேல் சரியாக இனம் காண்போம் என்று ஜோதிடர்களே முன்னதாகக் கூறியிருந்தார்கள். கிடைத்தது மூன்றில் ஒரு பங்கு, அதாவது கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாலும் கிடைக்கும் அளவு. அது மேலைநாட்டு முறை, நம் முறைக்குப் பொருந்தாது என்று சொல்பவர்களுக்கு, வானியலாளர் ஜெயந்த் நார்லிகரும் நண்பர்களும் நடத்தி 2009-இல் வெளியிட்ட சோதனையைக் காட்டலாம். படிப்பில் சிறந்த பிள்ளைகள் 100 பேர், அறிவுத்திறன் குறைபாடுள்ள பிள்ளைகள் 100 பேர் ஆகியோரின் ஜாதகங்களிலிருந்து ஆளுக்கு 40 ஜாதகங்கள் அனுப்பி, எது எந்தப் பிரிவு என்று கேட்டார்கள். விடை அனுப்பிய 27 ஜோதிடர்களின் சராசரி வெற்றி 46 விழுக்காடு. நாணயத்தைச் சுண்டினால் 50 கிடைக்கும்.

இந்த இரண்டு சோதனைகளிலும் ஜோதிடர்கள் தாமாக முன்வந்து பங்கேற்றார்கள் என்பதை நாங்கள் மதிக்கிறோம். தம் நம்பிக்கையைச் சோதனைக்கு ஒப்படைக்கும் துணிவு எல்லாருக்கும் வருவதில்லை.

ஓய்வுபெற்ற பொறியாளர்: கண்டங்கள் நகர்கின்றன என்றவரை அறிஞர்கள் நகைத்தார்கள். வயிற்றுப்புண்ணுக்குக் கிருமி காரணம் என்றவரையும் ஏற்க மறுத்தார்கள். நாளை உங்களையும் வரலாறு அப்படித்தான் நினைவுகூரும்.

இரண்டு எடுத்துக்காட்டுகளும் உண்மை, இரண்டையும் நாங்கள் அடிக்கடி நினைத்துக்கொள்கிறோம். ஆல்ஃபிரட் வெகனர் 1912-இல் முன்வைத்த கருத்து, கடலடித் தரையின் காந்தப் பட்டைகளை ஆராய்ந்த 1960-களில்தான் நிலைபெற்றது. அவர் அதற்கு முன்பே, 1930-இல், இறந்துவிட்டார். பாரி மார்ஷலும் ராபின் வாரனும் வயிற்றுப்புண்ணுக்கு ஹெலிகோபேக்டர் பைலோரி என்ற நுண்ணுயிரி காரணம் என்றதை மருத்துவ உலகம் ஏற்கத் தயங்கியது. 2005-இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

ஆனால் இவர்கள் எப்படி வென்றார்கள் என்று பாருங்கள். எவரும் சென்று மீண்டும் அளக்கக்கூடிய சான்றுகள் குவிந்தன, வேறு ஆய்வகங்களிலும் அதே முடிவு வந்தது. நிராகரிக்கப்பட்டதே உண்மைக்கு அடையாளம் என்றால், ரெனே ப்ளோன்லோவையும் அந்த வரிசையில் சேர்க்க வேண்டியிருக்கும். பிரான்சின் நான்சி நகரில் பெயர்பெற்ற இயற்பியலாளராக இருந்த அவர், 1903-இல் ‘N கதிர்கள்’ என்ற புதிய கதிரைக் கண்டதாக அறிவித்தார். வேறு பலரும் கண்டதாக எழுதினார்கள். அடுத்த ஆண்டு அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் வுட் அவருடைய ஆய்வகத்துக்கு வந்து, இருட்டில் கருவியின் முக்கியப் பகுதியான பட்டகத்தை யாரும் அறியாமல் எடுத்து வைத்துக்கொண்டார். பட்டகம் இல்லாதபோதும் அவர்களுக்குக் கதிர் தெரிந்துகொண்டே இருந்தது. ப்ளோன்லோவும் நேர்மையானவரே. மறுக்கப்பட்டுப் பின்னர் வென்றவர்களின் பெயர்கள் பாடப்புத்தகத்தில் இருக்கின்றன, மறுக்கப்பட்டு மறைந்தவர்களின் பெயர்களை நாம் படிப்பதில்லை. இன்று நம் முன் நிற்பவர் வெகனரா ப்ளோன்லோவா என்பதை அவர் பட்ட அவமானத்தை வைத்துச் சொல்ல முடியாது. பட்டகத்தை எடுத்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

ஒரு வாசகி: என் தந்தை கையில் கவட்டைக் குச்சி வைத்து நிலத்தடி நீர் பார்ப்பவர். யாரிடமும் ஒரு காசு வாங்கியதில்லை. குச்சி அவர் கையில் திரும்புவதை நானே பார்த்திருக்கிறேன். அவரைப் பொய்யர் என்கிறீர்களா?

இல்லை. குச்சி திரும்புகிறது, உங்கள் தந்தை அதை வேண்டுமென்று திருப்பவில்லை. இரண்டையும் நம்புகிறோம்.

1853-இல் ஐரோப்பாவில் மேசையைச் சுற்றி அமர்ந்து கைகளை வைத்தால் மேசை தானே நகரும் என்ற வழக்கம் பரவியிருந்தது. இயற்பியலாளர் மைக்கேல் ஃபாரடே அதைச் சோதிக்கத் தேர்ந்துகொண்டவர்கள், அவர் நேர்மையானவர்கள் என்று நன்கு அறிந்தவர்கள். கைகளுக்கும் மேசைக்கும் இடையில் அட்டைகளை அடுக்கி, அவை சற்று வழுக்கக்கூடிய மென்மையான பசையால் ஒட்டிவைத்தார். மேசை கைகளை இழுத்திருந்தால் அடி அட்டை முந்தியிருக்க வேண்டும். கைகள் மேசையைத் தள்ளியிருந்தால் மேல் அட்டை முந்தியிருக்க வேண்டும். மேல் அட்டைதான் முந்தியிருந்தது. பிறகு அட்டையின் மிகச் சிறிய நகர்வையும் காட்டும் ஒரு முள்ளை அவர்கள் கண்ணெதிரே வைத்தார். தம் கைகள் தள்ளுவதைப் பார்க்க முடிந்ததும் மேசை நகர்வது நின்றுவிட்டது. எதிர்பார்ப்பு நம் தசைகளை நாமறியாமல் இயக்கும் என்பதை ஆங்கில உடலியலாளர் வில்லியம் கார்ப்பென்டர் அதற்கு முந்தைய ஆண்டே விளக்கியிருந்தார். வளைத்து இறுக்கிப் பிடித்த கவட்டைக் குச்சி, மணிக்கட்டின் சிறு திருப்பத்தையும் பெரிதாக்கிக் காட்டும். குச்சி தானாகத் திரும்புவதாக உங்கள் தந்தை உணர்வதில் பொய் எதுவும் இல்லை.

அவர் காட்டிய இடத்தில் நீர் வந்திருக்கலாம். நிலத்தடி நீர் பல இடங்களில் பரந்த படுகையாக இருப்பதால், குச்சி இல்லாமல் தோண்டினாலும் நீர் வரும் வாய்ப்பு அதிகம். ஆகவே அவர் சுட்டிய இடத்தில் நீர் வந்ததா என்று மட்டும் கேட்டால் போதாது. அவர் வேண்டாம் என்று ஒதுக்கிய இடத்தில் தோண்டிப் பார்த்தார்களா என்றும் கேட்க வேண்டும். இந்த இரண்டாவது கேள்விக்கு விடை கிடைப்பது அரிது, ஏனென்றால் வேண்டாம் என்ற இடத்தில் செலவு செய்து தோண்டுபவர் இல்லை.

இதனால்தான் செயற்கையான சோதனைகள் தேவைப்படுகின்றன. 1987, 1988 ஆண்டுகளில் மியூனிக் அருகே இரண்டு தளங்கள் கொண்ட ஒரு களஞ்சியத்தில் ஜெர்மன் இயற்பியலாளர்கள் பெரிய சோதனை ஒன்றை நடத்தினார்கள். கீழ்த்தளத்தில் நீர் ஓடும் குழாயை ஒவ்வொரு முறையும் வேறு இடத்துக்கு நகர்த்தினார்கள். மேல்தளத்தில் நடப்பவர் அது எங்கே என்று சொல்ல வேண்டும். சுமார் 500 பேரை முதலில் பார்த்து, அவர்களில் திறமை மிக்கவர்களாகத் தோன்றிய 43 பேரைத் தேர்ந்தெடுத்து, 843 முறை சோதித்தார்கள். ஒரு சிலருக்கு உண்மையான திறன் இருப்பதாகச் சோதனையாளர்களே முடிவு கட்டினார்கள். ஜேம்ஸ் என்ரைட் என்ற அமெரிக்க ஆய்வாளர் அதே எண்களை எடுத்து ஆராய்ந்து, ஒரு வரிசையில் சிறப்பாகச் செய்தவர் அடுத்த வரிசையில் அதைத் திரும்பச் செய்யவில்லை என்பதையும், மொத்த விடைகள் குருட்டு ஊகத்திலிருந்து வேறுபடவில்லை என்பதையும் 1999-இல் காட்டினார். 43 பேரில் சிலருக்கு நல்ல நாள் அமைவது இயல்பு. அந்தச் சிலரை மட்டும் பொறுக்கி எடுத்தால் திறமை இருப்பதாகத் தோன்றும்.

உங்கள் தந்தை விரும்பினால், அவரே ஏற்கும் நிபந்தனைகளோடு சோதிக்க நாங்கள் ஆயத்தமாக இருக்கிறோம். முதல் சுற்றில், குழாய் எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்தே குச்சி திரும்புகிறதா என்று பார்ப்போம். இடமோ காலநிலையோ ஒத்துவரவில்லை என்று அவர் கருதினால் அங்கேயே சொல்லி விலகலாம். அது தோல்வியாகக் கணக்கில் வராது.

இளம் தாய்: எதையும் ஐயப்படு என்கிறீர்கள். தடுப்பூசியை நான் ஐயப்பட்டால் மட்டும் அறியாமை என்கிறீர்கள். இது எந்த நியாயம்?

வந்தவற்றில் எங்களை அதிக நேரம் யோசிக்க வைத்த கடிதம் உங்களுடையது. குழந்தையின் உடலுக்குள் செலுத்தப்படும் மருந்தைப் பற்றிக் கேள்வி கேட்பது அறியாமை ஆகாது. அது பொறுப்புள்ள செயல், அந்தக் கேள்விக்கு மதிப்பான விடை பெற உங்களுக்கு உரிமை உண்டு.

கேள்வி கேட்டவர்கள் சரியாக இருந்த காலமும் உண்டு. குழந்தைகளுக்குக் கடும் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் ரோட்டா வைரஸுக்கான முதல் தடுப்பு மருந்து 1998-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதைப் பெற்ற குழந்தைகளில் சிலருக்குக் குடலின் ஒரு பகுதி மற்றொரு பகுதிக்குள் செருகிக்கொள்ளும் ஆபத்து ஏற்படுவதைக் கண்காணிப்பு முறை காட்டியது. சுமார் 10,000 குழந்தைகளுக்கு ஒன்று என்ற அளவிலான அந்த ஆபத்துக்காக, 1999-இலேயே அந்த மருந்து திரும்பப் பெறப்பட்டது. பின்னர் வந்த ரோட்டா தடுப்பு மருந்துகள், இந்த ஆபத்தையே குறிப்பாகத் தேடும் பொருட்டு, பல்லாயிரக்கணக்கான குழந்தைகளிடம் சோதிக்கப்பட்ட பிறகே வந்தன. நாங்கள் போற்றும் ஐயம் இதுதான். ஐயம் எழுந்தது, எண்ணிப் பார்த்தார்கள், எண் சொன்னபடி நடந்தார்கள்.

இதனோடு மற்றொன்றை ஒப்பிடுங்கள். தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ருபெல்லா ஆகிய மூன்றுக்குமான தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு இருக்கலாம் என்ற ஐயத்தை ஆண்ட்ரூ வேக்ஃபீல்டும் உடனாளர்களும் 1998-இல் லான்செட் மருத்துவ இதழில் எழுப்பினார்கள். அவர்கள் பார்த்த குழந்தைகள் 12 பேர். அந்த ஐயத்தை மருத்துவ உலகம் புறக்கணிக்கவில்லை, பல நாடுகளில் சோதித்தது. டென்மார்க்கில் 1999 முதல் 2010 வரை பிறந்த 6,57,461 குழந்தைகளின் பதிவேடுகளை ஆராய்ந்து 2019-இல் வெளியான ஆய்வில், தடுப்பூசி பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் ஆட்டிசத்தில் அத்தகைய வேறுபாடு காணப்படவில்லை. 1998-இன் கட்டுரையை லான்செட் 2010-இல் விலக்கிக்கொண்டது. அதே ஆண்டில் வேக்ஃபீல்டின் பெயர் பிரிட்டன் மருத்துவப் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டது.

இரண்டு ஐயங்களும் எழுந்தபோது சம மதிப்புடையவை. ஒன்றுக்கு ஆம் என்று விடை வந்தது, மற்றொன்றுக்கு இல்லை என்று வந்தது. விடை வந்த பிறகும் அதே கேள்வியை, எந்தச் சான்றையும் ஏற்காமல், கேட்டுக்கொண்டே இருப்பதைத்தான் நாங்கள் எதிர்க்கிறோம். உங்களை நீங்களே ஒன்று கேட்டுப் பாருங்கள்: எப்படிப்பட்ட சான்று வந்தால் என் அச்சம் நீங்கும்? அதற்கு உங்களிடம் விடை இருந்தால், அந்த விடையை உங்கள் குழந்தைநல மருத்துவரிடம் எடுத்துச் சென்று, அத்தகைய சான்று இருக்கிறதா என்று கேளுங்கள். அதற்கிடையில் தடுப்பூசியைத் தள்ளிப்போட வேண்டாம் என்று அக்கறையோடு கேட்டுக்கொள்கிறோம். தட்டம்மை காத்திருக்காது.

ஒரு வாசகர்: கடவுளையும் சோதிப்பீர்களா?

சோதிக்கக்கூடிய ஒரு செய்தியைச் சொன்னால், அந்தச் செய்தியைச் சோதிப்போம். குறிப்பிட்ட வழிபாட்டால் குறிப்பிட்ட நோய் தீரும் என்பது அத்தகைய செய்தி. ஒருவர் மனத்தில் வைத்திருக்கும் பக்தியை அளக்கும் கருவி எங்களிடம் இல்லை, அதை அளக்கும் விருப்பமும் இல்லை.

ஆய்வு மாணவர்: ஐயவாதிகள் மட்டும் நேர்மையின் வடிவமா? செவ்வாய் விளைவு விவகாரத்தை ஏன் உங்கள் தலையங்கம் மறைத்தது?

மறைக்கவில்லை, தலையங்கத்தின் மூன்றாவது உறுதிமொழிக்கு அதுவும் ஒரு காரணம். அறியாத வாசகர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறோம். சிறந்த விளையாட்டு வீரர்கள் பிறக்கும் நேரத்தில் செவ்வாய் வானத்தின் சில பகுதிகளில் இருப்பது எதிர்பார்ப்பைவிட அதிகம் என்று பிரான்சின் மிஷேல் கோக்லான் 1955-இல் எழுதினார். 1976-இல் அமெரிக்காவில் உருவான ஐயவாதிகளின் குழுவைச் சேர்ந்தவர்கள் அதைச் சோதிக்க முற்பட்டார்கள். சோதனையைத் தம் சகாக்கள் தவறாகக் கையாண்டதாக, அக்குழுவில் இருந்த வானியலாளர் டெனிஸ் ராலின்ஸ் 1981-இல் வெளிப்படையாகக் குற்றம் சாட்டினார். சோதனையை நடத்தியவர்கள் 1983-இல் தங்கள் வழிமுறையில் குறைகள் இருந்ததை எழுத்தில் ஒப்புக்கொண்டார்கள். பின்னர் பிரெஞ்சுக் குழு ஒன்று, முன்கூட்டியே வகுத்த விதிமுறைப்படி 1,066 வீரர்களை ஆராய்ந்து அந்த விளைவைக் காணவில்லை. ஐயவாதிகளின் முடிவு இறுதியில் சரியாக இருந்தது என்பதற்காக, அவர்கள் முதலில் நடந்துகொண்ட விதத்தை நாங்கள் நியாயப்படுத்தமாட்டோம். இல்லை என்று உறுதியாகச் சொல்பவரும் ஒரு கூற்றை முன்வைக்கிறார், அதற்கு அவரும் சான்று தர வேண்டும். அந்தக் குழுவை நிறுவியவர்களில் ஒருவரான மார்செல்லோ ட்ரூஸி, குழுவை விட்டு வெளியேறிய பிறகும் இதைத்தான் விடாமல் வலியுறுத்தினார். அவர் பக்கம்தான் நாங்கள் நிற்கிறோம்.

தந்தையைக் கவனித்துவரும் மகன்: பல மருத்துவம் பார்த்தும் தீராத மூட்டுவலி ஹோமியோபதியில் குறைந்தது. கண்ணால் கண்டதையும் நம்பக் கூடாதா?

உங்கள் தந்தையின் வலி குறைந்ததில் எங்களுக்கும் மகிழ்ச்சி. வலி குறைந்ததை நீங்கள் கண்டீர்கள். எதனால் குறைந்தது என்பதை உங்களால் மட்டுமல்ல, அருகில் இருந்து பார்க்கும் மருத்துவராலும் காண முடியாது. மூட்டுவலி ஏறி இறங்கும் இயல்புடையது. வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் நாம் புதிய மருத்துவரைத் தேடிப் போகிறோம். உச்சத்திலிருந்து அது இறங்கும் நேரத்தில் கையில் எந்த மருந்து இருக்கிறதோ, அது பெயரைத் தட்டிக்கொள்கிறது.

30சி என்று குறிக்கப்படும் மருந்தில் மூலப்பொருள் ஒன்றுக்கு நூறாக 30 முறை நீர்க்கப்படுகிறது. பன்னிரண்டாவது படிக்குப் பிறகு மூலப்பொருளின் ஒரு மூலக்கூறுகூட எஞ்சும் வாய்ப்பு மிகக் குறைவு என்பது குறிப்பிட்ட அளவு பொருளில் எத்தனை மூலக்கூறுகள் உள்ளன என்று காட்டும் அவகாட்ரோ எண்ணிலிருந்து எளிதாகக் கணக்கிடக்கூடியது. நீருக்கு நினைவாற்றல் உண்டு என்பது இதற்குச் சொல்லப்படும் விடை. 1988-இல் பிரெஞ்சு ஆய்வாளர் ழாக் பென்வெனிஸ்தின் ஆய்வகம் அதற்குச் சான்று கண்டதாகச் சொன்னபோது, நேச்சர் இதழ் அதை மறுத்து ஒதுக்கவில்லை. நேரில் வந்து பார்க்க அனுமதிக்க வேண்டும் என்ற நிபந்தனையுடன் கட்டுரையை வெளியிட்டது. இதழாசிரியர் ஜான் மேடாக்ஸும் வேறு இருவரும் ஆய்வகத்துக்குச் சென்றார்கள். எந்தக் குழாயில் எது என்ற குறியீட்டுத் தாளை உறையிலிட்டுக் கூரையில் ஒட்டிவைத்து, குழாயில் இருப்பது எதுவென்று ஆய்வாளர்களுக்குத் தெரியாதபடி இரத்த அணுக்களை எண்ணச் செய்தார்கள். விளைவு மறைந்துவிட்டது. ஆஸ்திரேலியாவின் தேசிய உடல்நல, மருத்துவ ஆராய்ச்சி மன்றம் 2015-இல் வெளியிட்ட மதிப்பாய்வு, எந்த ஒரு நோய்க்கும் ஹோமியோபதி பயன் தருகிறது என்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லை என்று முடிவு செய்தது.

தந்தைக்கு அந்த மருந்து ஆறுதல் தருகிறதென்றால் அதைப் பிடுங்கும்படி நாங்கள் சொல்லவில்லை. மூட்டு சிவந்து வீங்கினாலோ, காய்ச்சல் சேர்ந்துகொண்டாலோ, அதை மட்டும் நம்பி ஒரு நாளையும் கடத்தாதீர்கள். அப்போது மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும்.

ஆசிரியை: திருத்த முயன்றால் மக்கள் தங்கள் நம்பிக்கையில் மேலும் இறுகிவிடுவார்கள் என்று ஆய்வுகளே சொல்கின்றனவே? பிறகு எதற்கு எழுத வேண்டும்?

2010-இல் வெளியான ஓர் ஆய்வு அப்படிச் சொன்னது. ஐயவாதிகளும் அதை ஆவலோடு பரப்பினார்கள். தாமஸ் வுட், ஈத்தன் போர்ட்டர் இருவரும் 10,000-க்கும் மேற்பட்டவர்களிடம் 52 தலைப்புகளைப் பற்றிச் சோதித்து 2019-இல் வெளியிட்ட ஆய்வில், அந்த இறுக்கம் நம்பும்படியாகத் தென்படவில்லை. பெரும்பாலோர் சரியான செய்தியைக் கேட்டு அதை நோக்கிச் சிறிதாவது நகர்ந்தார்கள். உங்கள் வகுப்பறையிலும் அப்படியே நடக்கும் என்று நம்பி எழுதுங்கள், பேசுங்கள்.

பள்ளி மாணவன்: பட்டம் பெறாதவர்கள் இப்படிச் சோதனை செய்யலாமா? எப்படித் தொடங்குவது?

தாராளமாகச் செய்யலாம். எமிலி ரோசா என்ற அமெரிக்கச் சிறுமி ஒன்பது வயதில் செய்த சோதனை, 1998-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஆய்விதழில் வெளியானது. உடலைத் தொடாமலே அதன் ஆற்றல் புலத்தைக் கையால் உணர்ந்து குணப்படுத்துவதாகச் சொன்ன 21 பேர் அதில் பங்கேற்றார்கள். அட்டைத் தடுப்பிலிருந்த துளைகள் வழியாக இரு கைகளையும் நீட்டச் செய்து, அவற்றில் ஒன்றின் மேல் தன் கையைக் காட்டி, எந்தக் கை என்று எமிலி கேட்டாள். எந்தக் கை என்பதை ஒவ்வொரு முறையும் நாணயம் சுண்டி முடிவு செய்தாள். 280 முறையில் 123 முறை சரியாகச் சொன்னார்கள், அதாவது 44 விழுக்காடு.

உன் சோதனையிலும் நாணயத்தை விடாதே. நீயே மனத்துக்குத் தோன்றியபடி மாற்றினால், எதிரில் இருப்பவர் உன் பழக்கத்தை ஊகித்துவிடலாம். ஃபுங்ஸ்ட் சோதித்த குதிரையை நினைவில் வைத்து, விடை தெரிந்தவர் எவரும் அறையில் இல்லாதபடி பார்த்துக்கொள். எத்தனை முறை, எத்தனை சரியானால் வெற்றி என்பதை முதலிலேயே எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். இரண்டில் ஒன்றைச் சொல்லும் சோதனையைப் பத்து முறை செய்தால், வெறும் ஊகத்தால் எட்டோ அதற்கு மேலோ சரியாக வரும் வாய்ப்பு 1,024-க்கு 56. ஒன்பதோ பத்தோ வரும் வாய்ப்பு 1,024-க்கு 11. ஆகவே எட்டு சரியாக வந்தால் வியப்படையாதே, அதை வைத்து முடிவு கட்டாதே. அதே ஆளை வேறு நாளில் மீண்டும் சோதித்துப் பார். பலரைச் சோதித்திருந்தால், தவறியவர்களின் எண்ணிக்கையையும் நடுவில் விலகியவர்களின் எண்ணிக்கையையும் அதே தாளில் எழுது. சோதனைக்கு வந்தவரிடம் நன்றி சொல்லி, முடிவின் ஒரு படியை அவரிடமும் கொடு. எங்களுக்கு அனுப்பினால், அவர் சம்மதித்த வரையில் வெளியிடுகிறோம்.